கிட்னி மாற்றியவருக்கு ஸ்டெம் செல் மாற்றும் செய்யலாமா?

நெல்லிக்குப்பத்திலிருந்து ஒரு தங்கை கேட்டிருக்கிறார். அண்ணனுக்குச் சில வருடங்களுக்கு முன் கிட்னி மாற்று நடந்தது, கொடுத்தது அம்மா. கிட்னி நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. போன வருடம் கழுத்தில் கட்டி, பயாப்ஸியில் லிம்போமா (நிணநீர்ப் புற்றுநோய்) என்று வந்தது, ஆர்-சாப் என்ற கீமோ கொடுத்து அடங்கியது, இப்போது திரும்ப வந்துவிட்டது. கீமோவுக்குப் பிறகு ஸ்டெம் செல் மாற்று செய்யலாம் என்கிறார்களாம். ஏற்கெனவே ஒரு உறுப்பை மாற்றிய உடம்பு இதைத் தாங்குமா, அம்மா கொடுத்த கிட்னி போய்விடுமா, அம்மாவே மறுபடி கொடுக்க வேண்டியிருக்குமா என்று கேட்கிறார்.

நான் மஜ்ஜை மாற்று வார்டில் நர்ஸாக இருந்தவள், இப்போது பாண்டிச்சேரியில் இருக்கிறேன். உங்கள் அண்ணனின் ரிப்போர்ட்டைப் பார்க்காமல் செய்யுங்கள், செய்யாதீர்கள் என்று நான் சொல்ல முடியாது. ஆனால் டாக்டர் முன்னால் உட்காரும்போது எதைக் கேட்க வேண்டும், எதற்குப் பயப்பட வேண்டும், எதற்குத் தேவையில்லாமல் பயப்படுகிறீர்கள் என்பதைச் சொல்ல முடியும்.

முதலில், செய்யலாம். கிட்னி, லிவர், இதயம் மாற்றியவர்களுக்கெல்லாம் ஸ்டெம் செல் மாற்று செய்திருக்கிறார்கள். ஆனால் வருடத்துக்கு ஆயிரக்கணக்கில் நடக்கிற விஷயம் இல்லை. வெளியாகியிருக்கும் அனுபவங்கள் பெரும்பாலும் சிறு சிறு குழுக்களைப் பற்றியவை, அதனால் "இத்தனை சதவீதம் பிழைப்பார்" என்று யாராவது அடித்துச் சொன்னால் நான் கொஞ்சம் சந்தேகமாகத்தான் பார்ப்பேன்.

ஸ்டெம் செல் என்பது எலும்பு மஜ்ஜையில் ரத்தத்தை உண்டாக்கும் தாய் செல், அதனால் இதையே மஜ்ஜை மாற்று என்றும் சொல்வோம். நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி, யாருடைய செல் என்பது. "ஸ்டெம் செல் மாற்று" என்று ஒரே பெயரில் சொன்னாலும் இது இரண்டு வேறு சிகிச்சை. ஒன்றில் நோயாளியின் சொந்த செல்லையே எடுத்து வைத்திருந்து, பலமான கீமோ கொடுத்துவிட்டு, அதையே திருப்பிக் கொடுப்பார்கள். இன்னொன்றில் அடுத்தவருடைய செல். லிம்போமா திரும்பி வந்தால் பொதுவாகச் செய்வது முதல் வகை. அப்படியானால் உங்கள் மூன்றாவது கேள்விக்கு இங்கேயே பதில் கிடைத்துவிட்டது: அம்மா எதையும் கொடுக்க வேண்டாம். உங்கள் கேள்வியைப் படித்தபோது எனக்குத் தோன்றியது, வீட்டில் எல்லோரும் இதை இன்னொரு ஆபரேஷனாக நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள் என்பதுதான். ஆபரேஷனே கிடையாது. ரத்தம் ஏற்றுகிற மாதிரி லைன் வழியாகத்தான் செல் உள்ளே போகும்.

இந்த லிம்போமா ஏன் வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மிச்சமெல்லாம் அதில்தான் தொங்குகிறது. கிட்னியை உடம்பு நிராகரிக்கக் கூடாது என்பதற்காக டாக்ரோலிமஸ், மைக்கோபீனோலேட், ஸ்டெராய்டு என்று வருடக்கணக்கில் எதிர்ப்பு சக்தியை அடக்கி வைக்கிறோம். எப்ஸ்டீன்-பார் என்றொரு வைரஸ் நம்மில் பெரும்பாலோர் உடம்பில் சும்மா படுத்துக் கிடக்கும். காவல் காக்கும் டி செல்கள் அடங்கிப்போனால் அது பி செல் என்ற வெள்ளணுக்களைப் பெருக்கிவிடும், அது சிலருக்கு லிம்போமாவாகப் போய் முடியும். உறுப்பு மாற்றுக்குப் பின் வரும் இந்த வகைக்கு பிடிஎல்டி என்று பெயர், ஃபைலில் அப்படித்தான் எழுதியிருப்பார்கள். பல வருடம் கழித்து வருவதில் அந்த வைரஸ் இல்லாமலும் வரும். முதல் சிகிச்சையே எதிர்ப்பு சக்தியை அடக்கும் மாத்திரைகளைக் குறைப்பதுதான், அப்புறம் பி செல்லைக் குறிவைக்கும் ரிட்டுக்ஸிமாப், தேவைப்பட்டால் ஆர்-சாப். அண்ணனுக்கு இந்தப் படியெல்லாம் ஏறி முடிந்துவிட்டது.

சரி, கிட்னி போய்விடுமா?

சொந்த செல் மாற்றில் உடம்புக்குள் புதிதாக யாரும் வருவதில்லை. திரும்ப முளைக்கிற எதிர்ப்பு சக்தி அண்ணனுடையதுதான், அது இத்தனை நாள் அம்மாவின் கிட்னியோடு எப்படி இருந்ததோ ஏறக்குறைய அப்படித்தான் இருக்கும். அதனால் நீங்கள் பயப்படும் நிராகரிப்பு இங்கே முதல் கவலை இல்லை. பலமான கீமோவே எதிர்ப்பு சக்தியை அடியோடு தட்டிவிடும், கிட்னியைத் தாக்க அந்த நாட்களில் ஆள் இருக்காது. கிட்னிக்கு வரும் அடி வேறு பக்கத்திலிருந்து வரும்: கீமோ மருந்து, ஆன்டிபயாட்டிக், காளான் தொற்றுக்கான மருந்து, நீர்ச்சத்துக் குறைவு, ரத்தத்தில் டாக்ரோ (டாக்ரோலிமஸ்) அளவு ஏறுவது.

அதிலும் பலர் கவனிக்காத ஒன்று, மாற்றுக்கு முன்னால் கொடுக்கும் கீமோ. திரும்பி வந்த லிம்போமாவை அடக்கிக் காட்டினால்தான் மாற்றுக்குப் போக முடியும். பெட் ஸ்கேனில் நோய் நன்றாகக் குறைந்திருக்க வேண்டும், குறையாவிட்டால் மாற்று செய்து பெரிதாகப் பிரயோஜனம் இல்லை. இதற்குக் கொடுக்கும் வழக்கமான மருந்துகளில் சிஸ்பிளாட்டின் கிட்னிக்கு நேரடி எதிரி, ஐஃபாஸ்ஃபமைடும் லேசுப்பட்டதல்ல. ஒரே கிட்னியில், அதுவும் தானமாக வந்ததில் ஓடுகிற மனிதருக்கு அதைக் கொடுப்பதற்கு முன் இரண்டு தடவை யோசிப்பார்கள். ஆக்ஸாலிபிளாட்டினோ, கிட்னி வேலை செய்யும் அளவைக் கணக்கிட்டு டோஸ் போடும் கார்போபிளாட்டினோ அதற்குப் பதிலாக இருக்கும். ஸ்டெம் செல் மாற்றையே எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, கிட்னிக்கு ஆபத்தான கட்டம் அதற்கு முந்தைய அந்த இரண்டு மூன்று சுற்று கீமோவாக இருக்கலாம். அதனால் "எந்த மருந்து கொடுக்கப் போகிறீர்கள், கிட்னி டாக்டருக்குத் தெரியுமா" என்று இப்போதே கேளுங்கள், அட்மிஷன் அன்றைக்கு அல்ல.

மாற்று எப்படி நடக்கும் என்று தெரிந்தால் பாதி பயம் போய்விடும். நாலைந்து நாள் ஜி-சிஎஸ்எஃப் ஊசி போடுவார்கள், மஜ்ஜையிலிருக்கும் ஸ்டெம் செல் ரத்தத்துக்கு வரும், இடுப்பும் முதுகும் வலிக்கும். பிறகு ஒரு மெஷினில் சில மணி நேரம் ரத்தத்தைச் சுற்றவிட்டு செல்லைப் பிரித்து எடுப்பார்கள். டயாலிசிஸ் பார்த்த அண்ணனுக்கு இது ஒன்றும் புதிதாக இருக்காது. நடுவில் உதடு மரத்து, விரல் நுனி சுருக் சுருக்கென்று குத்தினால் உடனே சொல்லச் சொல்லுங்கள், ரத்தம் உறையாமலிருக்கச் சேர்க்கும் மருந்தால் கால்சியம் இறங்குகிறது என்று அர்த்தம், கால்சியம் கொடுத்தால் சரியாகிவிடும். உடம்பு எடையில் கிலோவுக்குக் குறைந்தது 20 லட்சம் செல் கிடைக்க வேண்டும். நிறைய கீமோ பார்த்த மஜ்ஜை சில சமயம் கொடுக்காமல் மல்லுக்கு நிற்கும், அப்போது பிளெரிக்ஸாஃபோர் என்று இன்னொரு ஊசி.

லைன் போடும் இடத்தைப் பற்றி ஒரு வார்த்தை. மாற்றிய கிட்னி அடிவயிற்றில் ஒரு பக்கமாக, தொடைக்குப் போகும் ரத்தக் குழாயில் இணைத்து வைக்கப்பட்டிருக்கும். அவசரத்தில் அந்தப் பக்கத் தொடையில் லைன் போட்டுவிடக் கூடாது, கழுத்தில்தான் நல்லது. ஃபிஸ்டுலா (டயாலிசிஸுக்காக ரத்தக் குழாய்களை இணைத்த இடம்) இருக்கும் கையில் பிரஷர் பார்ப்பதும் ஊசி போடுவதும் கூடாது. கிட்னி வார்டில் எல்லோருக்கும் கைவந்த இந்த விஷயம் மஜ்ஜை வார்டில் ராத்திரி டியூட்டிக்கு வந்த புது ஆளுக்கு நினைவிருக்காது. வெட்கப்படாமல் நீங்களே சொல்லுங்கள்.

அப்புறம் பலமான கீமோ. லிம்போமாவுக்கு பீம் என்று நாலு மருந்துச் சேர்க்கை வழக்கம், அதில் ஒன்று மெல்ஃபலான். மெல்ஃபலான் ஓடும்போது வாயில் ஐஸ் கட்டியைப் போட்டுச் சப்பிக்கொண்டே இருக்கச் சொல்வார்கள், வாய்ப்புண் குறைய இவ்வளவு சல்லிசான வைத்தியம் வேறு இல்லை. அதற்குப் பிறகு உறையவைத்த செல்லைக் கரைத்து ஏற்றுவார்கள். அதிலிருக்கும் பாதுகாப்பு ரசாயனத்தால் அறையெல்லாம் பூண்டு வாடை அடிக்கும், நோயாளிக்கு அந்த வாடை அவ்வளவாகத் தெரியாது, கூட இருப்பவர்தான் மூக்கைப் பிடித்துக்கொண்டு நிற்பார். செல் உள்ளே போன பத்து முதல் பதினாலு நாளில் வெள்ளணு கவுண்ட் ஏறத் தொடங்கும். அதுவரை கவுண்ட் கிட்டத்தட்ட பூஜ்யம், காய்ச்சல், வாய்ப்புண், பேதி, பிளேட்லெட் ஏற்றுவது எல்லாம் வரும். எல்லோருக்கும் வருவதுதான்.

எல்லோருக்கும் வராத பிரச்சனை, அந்த நாட்களில் டாக்ரோலிமஸ் மாத்திரை. இதை நான் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் என் கண்ணில் பட்ட சிக்கல்களில் பாதி இங்கேதான்.

மைக்கோபீனோலேட், அசத்தயோப்ரின் இரண்டும் மஜ்ஜையையே அமுக்கும், புதுச் செல் முளைக்க விடாது, அதனால் பொதுவாக அதை நிறுத்திவிடுவார்கள். டாக்ரோவும் கொஞ்சம் ஸ்டெராய்டும் தொடரும். ஸ்டெராய்டை வருடக்கணக்கில் சாப்பிட்டவர் திடீரென்று நிறுத்தவே கூடாது, பிரஷர் விழுந்துவிடும். சரி, வாயெல்லாம் புண், தண்ணீர்கூட விழுங்க முடியவில்லை, அப்போது டாக்ரோ மாத்திரை எப்படிப் போகும்? விழுங்கிய அரை மணியில் வாந்தி எடுத்தால் மறுபடி கொடுப்பதா, வேண்டாமா? இதையெல்லாம் முன்னாடியே கிட்னி டாக்டரிடம் எழுதி வாங்கி வைத்திருக்க வேண்டும். பேதியானால் மருந்து சேராது, அளவு குறையும் என்று நினைப்போம், டாக்ரோவில் பெரும்பாலும் நேரெதிர், பேதியில் அளவு ஏறும். ஏறினால் கை நடுங்கும், கிரியாட்டினின் (கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்த அளவு) ஏறும், பொட்டாசியம் ஏறும்.

இதற்கு மேல் காளான் தொற்று வராமலிருக்க வோரிகொனசோல், போசகொனசோல், ஃப்ளூகொனசோல் இவற்றில் ஒன்றைத் தொடங்குவார்கள். டாக்ரோவை உடைக்கும் நொதியை இவை தடுத்துவிடும், நேற்று வரை சரியாக இருந்த டோஸ் இன்று பல மடங்கு அதிகமாகிவிடும். வோரிகொனசோல் தொடங்கினால் டாக்ரோவை மூன்றில் ஒரு பங்காகக் குறைப்பது வழக்கம். அதைவிட முக்கியமாக, வீட்டுக்கு வந்த பிறகு காளான் மருந்தை நிறுத்தும்போது டாக்ரோவைத் திரும்ப ஏற்ற வேண்டும். இந்த இடத்தில்தான் கோட்டை விடுவார்கள். மஜ்ஜை டாக்டர் காளான் மருந்தை நிறுத்திவிடுவார், கிட்னி டாக்டருக்கு அது தெரியாது, டாக்ரோ அளவு சரசரவென்று இறங்கும், அப்போது வருவதுதான் நிஜமான நிராகரிப்பு. யார் எந்த மருந்தைத் தொடங்கினாலும் நிறுத்தினாலும் நாலைந்து நாளில் ஒரு டாக்ரோ லெவல், இதைச் சட்டமாகவே வைத்துக்கொள்ளுங்கள். லெவலுக்கு ரத்தம் கொடுக்கும் அன்று காலை மாத்திரையை முதலில் போட்டுவிட்டு லேபுக்குப் போகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள், அந்த ரிப்போர்ட்டைக் குப்பையில்தான் போட வேண்டும். ரத்தம் கொடுத்துவிட்டு அப்புறம் மாத்திரை. மெடிக்கலில் "இதே மருந்துதான், வேற கம்பெனி" என்று கொடுத்தாலும் கேட்காமல் வாங்காதீர்கள்.

சாப்பாட்டிலும் ஒரு பழம் அந்தக் காளான் மருந்துகளைப் போலவே டாக்ரோவை ஏற்றிவிடும், பம்பளிமாஸ். நம் பக்கம் தோட்டத்தில் காய்த்துக் கிடக்கும், யாராவது அன்போடு உரித்துக் கொடுப்பார்கள், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பண்ருட்டி பலாப்பழத்துக்கும் கிரியாட்டினினும் பொட்டாசியமும் ஏறியிருக்கும் நாட்களில் தடை, அது நொதிக் கணக்கு இல்லை, பொட்டாசியக் கணக்கு. சீசனில் கடலூர் மாவட்டத்துக்காரரைப் பலா சாப்பிடாமல் வைத்திருப்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்கும் தெரியும். நாட்டு மருந்து, கஷாயம் எதுவானாலும் கேட்டுவிட்டு.

தொற்று விஷயத்தில் அண்ணனுக்கு இரட்டைப் பாரம், கிட்னிக்காக அடக்கிய எதிர்ப்பு சக்தி ஒரு பக்கம், கீமோ இன்னொரு பக்கம். சிஎம்வி வைரஸை வாராவாரம் பார்ப்பார்கள். பிகே என்று ஒரு வைரஸ் உண்டு, கிட்னி மாற்றியவருக்கு அது கிட்னியைக் கெடுக்கும், மஜ்ஜை மாற்றியவருக்குச் சிறுநீர்ப்பையில் ரத்தக் கசிவைக் கொண்டுவரும், அண்ணனைப் போன்றவருக்கு இரண்டு வாசலும் திறந்திருக்கிறது, சிறுநீர் சிவந்தால் உடனே சொல்ல வேண்டும். டிபி நம் ஊரில் எப்போதும் சந்தேகப் பட்டியலில் இருக்கும், அதன் மருந்தான ரிஃபாம்பிசின் வேறு டாக்ரோவை அடிமட்டத்துக்கு இறக்கிவிடும். அதோடு மெலியாய்டோசிஸ். மண்ணிலும் தேங்கிய தண்ணீரிலும் இருக்கும் பாக்டீரியா, தமிழ்நாட்டுக் கடலோரத்திலும் புதுச்சேரிப் பக்கமும் பார்க்கிற நோய், மழைக்காலத்தில் அதிகம். வயலில் இறங்கும் குடும்பம் என்றால் டாக்டரிடம் சொல்லிவையுங்கள், வீட்டுக்கு வந்த பிறகும் பல மாதம் வெறுங்காலில் சேற்றில் இறங்கக் கூடாது. காய்ச்சல் 100.4 தொட்டால் பாராசிட்டமால் போட்டுக் காத்திருப்பது கிடையாது, நேராக மருத்துவமனை.

இனி அடுத்தவர் செல். அண்ணனுக்கு இப்போதைக்கு இது தேவைப்படாது என்றாலும், கிட்னியோ லிவரோ மாற்றியபின் ரத்தப் புற்றுநோயோ மஜ்ஜை வறட்சியோ வந்தவர்களும் இதைப் படிப்பார்கள். காரணம் தெரியாத கல்லீரல் அழற்சியால் லிவர் மாற்றிய குழந்தைகள் சிலருக்குப் பிறகு மஜ்ஜை காய்ந்துபோகும், அவர்களுக்கு மஜ்ஜை மாற்று ஒரு வழி. இங்கே ஒரே உடம்பில் மூன்று பேர் செல்: நோயாளி, உறுப்புக் கொடுத்தவர், மஜ்ஜை கொடுத்தவர். புது எதிர்ப்பு சக்தி உடம்பையும் தாக்கலாம், உறுப்பையும் தாக்கலாம். கிட்னியாக இருந்தால், போனாலும் டயாலிசிஸ் என்று ஒரு திண்ணை இருக்கிறது. லிவர், இதயம், நுரையீரலுக்கு அந்தத் திண்ணை கிடையாது. அதனால் என் பார்வையில் கிட்னிக்காரருக்கு எடுக்கிற துணிச்சலை இதயக்காரருக்கு எடுக்க முடியாது. இதயத்துக்குச் சொந்த செல் கதை வேறு, அமிலாய்டோசிஸால் (கெட்ட புரதம் உறுப்புகளில் படியும் நோய்) இதயம் கெட்டவர்களுக்கு இதயத்தை மாற்றிவிட்டு, தேறிய பிறகு சொந்த ஸ்டெம் செல் மாற்று செய்வது உண்டு, இல்லாவிட்டால் அதே நோய் புது இதயத்தையும் கெடுத்துவிடும்.

கிட்னி கொடுத்தவரே மஜ்ஜையும் கொடுத்தால் கதை தலைகீழாகிவிடும். புது எதிர்ப்பு சக்திக்கு அந்த கிட்னி சொந்தக்காரர், தாக்காது. 1998-ல் பாஸ்டனில் மயலோமாவும் (மஜ்ஜையில் வரும் ஒரு புற்றுநோய்) கிட்னி செயலிழப்பும் சேர்ந்திருந்த ஒருவருக்கு ஒரே உறவினரிடமிருந்து இரண்டையும் எடுத்து வைத்து, பிறகு எதிர்ப்பு சக்தியை அடக்கும் மாத்திரையையே நிறுத்திவிட்டார்கள். ஆஸ்திரேலியாவில் லிவர் மாற்றிய ஒரு சிறுமிக்கு யாரும் திட்டமிடாமலே, லிவரோடு வந்த செல்கள் மஜ்ஜையைப் பிடித்துக்கொண்டு, ஓ நெகட்டிவ் ரத்தம் ஓ பாசிட்டிவாக மாறி, மாத்திரை இல்லாமல் வாழத் தொடங்கினாள், 2008-ல் அது மருத்துவ உலகையே புருவம் உயர்த்த வைத்தது. படிக்க அதிசயமாக இருக்கும், ஆனால் அம்மாவின் மஜ்ஜையையும் வைத்து மாத்திரையை நிறுத்திவிடலாமா என்று ஆசைப்படாதீர்கள். அம்மாவோடு பாதிப் பொருத்தம்தான் இருக்கும், கிட்னி வந்ததிலிருந்து அம்மாவின் எச்எல்ஏவுக்கு (செல்லின் மேல் இருக்கும், பொருத்தம் பார்க்கும் அடையாளப் புரதம்) எதிராக அண்ணன் உடம்பில் ஆன்டிபாடி உருவாகியிருந்தால் அந்த மஜ்ஜை ஒட்டாமலே போகலாம், மேலும் அவருடைய லிம்போமாவுக்கு இது தேவையில்லாத ஆபத்து.

கார்-டி என்று ஒன்றைக் கேள்விப்பட்டிருப்பீர்கள், நோயாளியின் டி செல்லையே எடுத்து, புற்றைத் தாக்கும்படி மாற்றித் திருப்பிக் கொடுக்கும் சிகிச்சை. நம் நாட்டிலேயே ஐஐடி பாம்பேயும் டாடா மெமோரியலும் சேர்ந்து உருவாக்கிய நெக்ஸ்கார்19-க்கு 2023-ல் அனுமதி கிடைத்தது. கீமோவுக்கு அடங்காத பி செல் லிம்போமாவுக்கு அது ஒரு வழி. ஆனால் கார்-டி வேலை செய்வது டி செல்லால், டாக்ரோ அடக்குவதும் டி செல்லைத்தான், அதனால் கிட்னிக்காரருக்கு அங்கேயும் இதே இழுபறி. ஸ்கேனில் நோய் குறையவில்லை என்றால் டாக்டரே பேச்செடுப்பார்.

இன்னொன்று, ஊசி போட்டால் பழைய கிட்னியே முளைக்கும் என்று "ஸ்டெம் செல் தெரபி" விளம்பரம் உங்கள் போனுக்கு வர ஆரம்பித்திருக்கும், இந்த வார்த்தையைத் தேடினாலே வரும். ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2017 வழிகாட்டு நெறிகளின்படி வழக்கமான சிகிச்சையாக ஏற்கப்பட்டது ரத்த நோய்களுக்கான ஸ்டெம் செல் மாற்று மட்டும்தான். மற்றதெல்லாம் ஆராய்ச்சி, ஆராய்ச்சிக்குப் பணம் வாங்கக் கூடாது. பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

எங்கே செய்வது? ஒரே கூரைக்குள் கிட்னிப் பிரிவும் மஜ்ஜைப் பிரிவும் இருக்கும் இடம், இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். பக்கத்தில் ஜிப்மரில் இரண்டும் உண்டு. வேலூர் சிஎம்சியில் கிட்னி மாற்று 1971-லும் மஜ்ஜை மாற்று 1986-லும் தொடங்கியது, சென்னையிலும் இரண்டும் சேர்ந்த மருத்துவமனைகள் இருக்கின்றன. கிட்னி ஓரிடத்தில் பார்த்து, லிம்போமா வேறிடத்தில் பார்க்கிறீர்கள் என்றால் பழைய டாக்டரிடமிருந்து கிட்னியின் எச்எல்ஏ ரிப்போர்ட், பயாப்ஸி நடந்திருந்தால் அது, கடந்த ஒரு வருட கிரியாட்டினின், டாக்ரோ லெவல் எல்லாவற்றையும் நகல் எடுத்து ஒரே ஃபைலில் வையுங்கள். ரத்தம், பிளேட்லெட் ஏற்றும்போது கதிர்வீச்சு செய்து வெள்ளணு நீக்கியதாக இருக்க வேண்டும் என்பதையும் ஃபைலின் முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். அண்ணனுக்குக் கல்யாணம், குழந்தை இன்னும் ஆகவில்லை என்றால் அடுத்த சுற்று கீமோவுக்கு முன் விந்து சேமிப்பைப் பற்றிக் கேளுங்கள், வீட்டில் கூச்சப்பட்டு யாரும் கேட்க மாட்டார்கள், நீங்கள்தான் கேட்க வேண்டும்.

பணத்துக்கு, உங்களுடையது தமிழ்நாட்டு ரேஷன் கார்டு என்பதால் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துக்கு நீங்கள் தகுதியா என்று பாருங்கள், அதில் மஜ்ஜை மாற்று வருகிறது. எந்த மருத்துவமனையில் செல்லும், மாற்றுக்கு முந்தைய கீமோ அதில் அடங்குமா என்பதைத் தேதி குறிப்பதற்கு முன் காப்பீட்டு மேஜையில் விசாரித்துவிடுங்கள். பாண்டிச்சேரியில் சொந்தக்காரர் முகவரியில் கார்டு மாற்றலாமா என்றெல்லாம் யாராவது யோசனை சொன்னால் இப்போது கை வைக்க வேண்டாம், இரண்டு பக்கமும் இல்லாமல் போய்விடும்.

டிஸ்சார்ஜ் ஆனவுடன் நெல்லிக்குப்பம் திரும்ப வேண்டாம் என்பது என் கருத்து. முதல் சில வாரம் அடிக்கடி ரத்தப் பரிசோதனை இருக்கும், காய்ச்சல் வந்தால் ஒரு மணி நேரத்துக்குள் ஊசி ஏற வேண்டும். ஜிப்மர் என்றால் கோரிமேட்டுப் பக்கமே மாத வாடகைக்கு ஒரு அறை பாருங்கள், தனிக் கழிப்பறை இருக்கட்டும். தேதி ஐப்பசி, கார்த்திகையில் விழுந்தால் இது இன்னும் கட்டாயம். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வந்தபோது பாண்டியும் கடலூரும் எப்படிக் கிடந்தன என்று உங்களுக்கே தெரியும், டாக்ரோ மாத்திரை எப்போதும் ஒரு மாதத்துக்குக் கையிருப்பு இருக்க வேண்டும். கூட இருக்க அம்மா வருவேன் என்று அடம்பிடிப்பார். சளி, இருமல் இல்லாத ஒருவர், மாத்திரை அட்டவணையைப் படித்துக் கொடுக்கத் தெரிந்த ஒருவர் போதும். அம்மாவும் ஒற்றைக் கிட்னியோடு இருப்பவர், வருடாவருடம் அவருக்கும் பிரஷரும் கிரியாட்டினினும் சிறுநீரும் பார்க்க வேண்டும், இந்தக் களேபரத்தில் அதை எப்போது கடைசியாகப் பார்த்தீர்கள்?